உபாத்தியாயர் வேலை நிறுத்தம்

தமிழ்நாட்டில் சர்க்கார் பாடசாலை உபாத்தியாயர்கள் வேலை நிறுத்தம் செய்யப் போகிறார்கள் என்ற பேச்சு சில வருஷங்களுக்கு ஒரு முறை எழுவது வழக்கமாகிவிட்டது. சங்கங்கள் நோட்டீஸ் கொடுக்கும். மந்திரிகள் பேச்சுவார்த்தைக்கு அழைப்பார்கள். கடைசி நாளில் சமாதானம் ஏற்பட்டாலும் ஏற்படும், ஏற்படாமற் போனாலும் போகும். சர்க்கார் ஒரு கக்ஷி, உபாத்தியாயர்கள் மற்றொரு கக்ஷி என்று கணக்கிட்டு, இருவரில் யார் பக்கம் நியாயம் என்று நாட்டில் வாதம் நடக்கும். இந்த வழக்கில் மூன்றாவது கக்ஷி ஒன்றும் இருக்கிறது. சர்க்கார் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு கதியில்லாத குழந்தைகளும், அவர்களைப் பெற்ற ஏழைக் குடும்பங்களுமே அந்த மூன்றாவது கக்ஷி. அவர்களை எந்தப் பேச்சுவார்த்தைக்கும் யாரும் அழைத்ததில்லை. வேலை நிறுத்தத்தின் பாரம் முழுவதும் விழுவது அவர்கள் தலையில்தான் என்பதைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

உபாத்தியாயர்களின் குறைகள் நியாயமற்றவை என்று சொல்ல நாம் வரவில்லை. பென்ஷன் விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2003-ம் வருஷம் ஏப்ரல் 1ந் தேதிக்கு முன் உத்தியோகத்தில் அமர்ந்தவருக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி பென்ஷனாகக் கிடைக்கும். விலைவாசி ஏற ஏற அதுவும் ஏறும். அன்றும் அதற்குப் பின்னரும் அமர்ந்தவருக்கு இந்த உரிமை இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். மாதந்தோறும் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்து, சர்க்காரும் அதே அளவு சேர்த்து, ஓய்வு பெறும்போது குவிந்திருப்பதைக் கையில் கொடுத்து அனுப்புவது என்பதே அப்போது செய்த ஏற்பாடு. ஒரே பள்ளியில் அடுத்தடுத்த அறைகளில் பாடம் நடத்தும் இருவரில் ஒருவருக்கு முதுமையில் நிச்சயமான சோறு. மற்றவருக்கு ஒரு தொகையும் கடவுள் துணையும்!

இதைவிட விசித்திரமானது இடைநிலை உபாத்தியாயர்களின் சம்பள விவகாரம். 2009-ம் வருஷம் மே 31ந் தேதி வரையில் வேலைக்கு வந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். மறுநாள், அதாவது ஜூன் 1ந் தேதியோ அதற்குப் பின்னரோ வந்தவருக்கு 5,200 ரூபாய். படிப்பு ஒன்று, வேலை ஒன்று, வகுப்பும் ஒன்று. ஆனால் ஒரு நாள் பிந்தியதற்கு அபராதம் மாதம் 3,170 ரூபாய்! படிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது. இதற்குச் சமாதானமாக எந்த மந்திரியும் மனத்துக்குப் பொருந்துகிற காரணம் ஒன்று சொல்லி நாம் கேட்டதில்லை. 2018 டிஸம்பரில் இந்த உபாத்தியாயர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2022 டிஸம்பரிலும் இருந்தார்கள். அதன் பிறகு, 2023 துவக்கத்தில், ஆராய்வதற்கு ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. எட்டாயிரத்திலிருந்து ஐயாயிரத்தைக் கழிப்பதற்குக் கமிட்டி எதற்கு என்று நாம் கேட்கவில்லை, வாசகர்களே கேட்டுக்கொள்ளட்டும்.

சர்க்காரை நடத்துவோர் எந்தக் கக்ஷியினராயினும் இவ்விஷயத்தில் அவர்களுடைய போக்கு ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது. எதிர்க்கக்ஷியில் இருக்கும்போது உபாத்தியாயர் பந்தலுக்குப் போய் மாலை வாங்கிக்கொள்வது. அதிகாரத்துக்கு வந்ததும் கஜானா காலி என்பது. கூச்சல் பெருகினால் கமிட்டி போடுவது. கமிட்டி அறிக்கை தந்தால் அதைப் பரிசீலிப்பது. பென்ஷனைப் பற்றி 2016-ல் ஒரு கமிட்டி ஏற்பட்டு, அதன் அறிக்கை 2018-ல் சர்க்கார் கையில் சேர்ந்தது. 2025-ல் மற்றொரு கமிட்டி ஏற்பட்டது. பழைய பென்ஷன் மீண்டும் வரும் என்று 2021 தேர்தலில் வாக்குக் கொடுத்தவர்கள் ஐந்து வருஷம் ஆளும் காலம் முடியும் தறுவாயில், 2026 ஜனவரி 6ந் தேதி முதல் காலவரையற்ற வேலை நிறுத்தம் என்று சங்கங்கள் அறிவித்த பிறகுதான், அதற்கு மூன்று நாள் முன்பு, கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதியளிக்கும் புதிய பென்ஷன் திட்டத்தை வெளியிட்டார்கள். வேலை நிறுத்தமும் கைவிடப்பட்டது. நல்லதே. ஆனால் இதிலிருந்து உபாத்தியாயர்கள் கற்றுக்கொள்ளக்கூடிய பாடம் என்ன? மனுக் கொடுத்தால் இருபது வருஷம் பதில் வராது, பள்ளியை மூடுவோம் என்றால் மூன்றே நாளில் வரும் என்பதல்லவா? இந்தப் பாடத்தைப் போதித்தவர் யார் என்று கேட்டால் சர்க்கார்தான் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, உபாத்தியாயர்களுக்கும் ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அவர்கள் கையில் எடுக்கும் ஆயுதம் அவர்கள் குறி வைக்கும் இடத்தில் பாய்வதில்லை.

பஞ்சாலையில் தொழிலாளி கை ஓய்ந்தால் முதலாளியின் லாபம் அன்றைக்கே நிற்கிறது. நூல் இல்லை, விற்பனை இல்லை, வட்டி மட்டும் ஏறுகிறது. ஆகையால் முதலாளி இறங்கி வருகிறான். பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் கை ஓய்ந்தால் சர்க்காருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்ற விதிப்படி கஜானாவுக்கு அன்றைய சம்பளம் மிச்சம். லக்ஷக்கணக்கான உபாத்தியாயர்களின் ஒரு நாள் சம்பளம் சிறு தொகையன்று. வேலை நிறுத்தம் நீடிக்க நீடிக்கச் சர்க்காருக்கு ஆதாயமே! பாடம் படிக்காத பிள்ளையின் நஷ்டம் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஏறுவதில்லை. மந்திரிகளின் பிள்ளைகளும் பெரிய உத்தியோகஸ்தர்களின் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிகள் வேறு. அவை அன்றும் வழக்கம்போல மணி அடிக்கும். சொல்லச் சங்கடமாயிருந்தாலும் சொல்லிவிடுகிறோம்: சர்க்கார் பள்ளி உபாத்தியாயர்களிலேயே பலருடைய பிள்ளைகளும் அந்தப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். சர்க்கார் சம்பளம் வாங்குவோரின் குழந்தைகள் சர்க்கார் ஆரம்பப் பள்ளியிலேயே படிக்க ஏற்பாடு செய்யும்படி 2015-ல் அலகாபாத் ஹைகோர்ட்டு உத்தரப் பிரதேச சர்க்காருக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவு ஏட்டோடு நின்றது. அது நடைமுறைக்கு வந்திருந்தால் வேலை நிறுத்தங்கள் இவ்வளவு நாள் நீடித்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆகவே பள்ளிக் கதவு மூடப்படும் நாளில் உண்மையில் அடிபடுவது எந்த வீடு என்று பார்க்க வேண்டும். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பல ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். இருவரும் வராவிட்டால் பள்ளி அடியோடு நின்றுவிடும். காலையில் பிள்ளைக்குச் சட்டை மாட்டி அனுப்பிவிட்டு நாற்று நடவோ, செங்கற் சூளைக்கோ, பனியன் கம்பெனிக்கோ, சிவகாசிப் பக்கமாயிருந்தால் தீப்பெட்டி ஆபீஸுக்கோ போகிற தாய் அன்று என்ன செய்வாள்? வேலைக்குப் போனால் குழந்தையைப் பார்க்க ஆளில்லை. போகாவிட்டால் கூலி இல்லை. வீட்டில் பத்து பன்னிரண்டு வயதில் பெண் ஒருத்தி இருந்தால், கைக்குழந்தையையும் தம்பியையும் அவள் இடுப்பில் ஏற்றிவிட்டுத் தாய் போவாள். பள்ளி மறுபடி திறந்த பிறகும் அந்தப் பெண் வீட்டிலேயே நின்றுவிடுவது நாம் காணாத காட்சியன்று. கண்காணிப்பில்லாத சிறுவர்கள் பகல் முழுவதும் ஏரிக்கரையிலும் கிணற்று மேட்டிலும் திரிவார்கள். பட்டணத்திலே கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற குடும்பத்தில், பிள்ளையை வீட்டினுள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள்.

பசியை மறந்துவிட்டோமானால் இந்தக் கணக்கு பூர்த்தியாகாது. 1920-ல் பிட்டி தியாகராயச் செட்டியார் தலைமையில் சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் குழந்தைகளுக்கு உணவு கொடுக்க ஆரம்பித்தது. 1956-ல் காமராஜர் மதிய உணவை நாடெங்கும் பரப்பினார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விஸ்தரித்தார். 2022 செப்டம்பர் முதல் காலைச் சிற்றுண்டியும் வந்து, 2023 ஆகஸ்டு முதல் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் அனைத்திலும் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஏதேனும் ஒன்று காலையில் கிடைக்கும்படி செய்யப்பட்டது. சமைக்கிறவர்கள் வேறு, கற்பிக்கிறவர்கள் வேறு என்பது உண்மை. ஆனால் பள்ளி திறந்து பிள்ளைகள் வந்தாலல்லவா அடுப்பு எரிவதற்குப் பொருளுண்டு? உபாத்தியாயர் ஒரு நாள் வராமலிருந்தால், ஏழைக் குழந்தைக்கு ஒரு நாள் பாடம் மட்டுமல்ல, இரண்டு வேளைச் சோறும் போகிறது. பாடத்தைச் சனிக்கிழமை வகுப்பு வைத்து ஈடு செய்துவிடலாம் என்கிறார்கள். போன வாரம் தின்னாத சோற்றை இந்த வாரம் ஈடு செய்வது எப்படி?

பாடத்தையும் அவ்வளவு சுலபமாக ஈடு செய்துவிட முடியாது. பதினைந்து வயதுப் பையன் விட்ட பாடத்தைத் தானே புரட்டிப் பிடித்துக்கொள்வான். எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கும் ஆறு வயதுக் குழந்தை பத்து நாள் விட்டால், பிடித்திருந்த எழுத்தையும் விட்டுவிடும். கட்டாயக் கல்விச் சட்டம், 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு வருஷத்தில் 200 நாள், 6 முதல் 8 வரை 220 நாள் பாடம் நடந்தே தீர வேண்டும் என்கிறது. இது குறைந்தபட்சக் கணக்கே. கொரோனா நோய்க் காலத்தில், 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சிறு குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1ந் தேதிதான் திறந்தன. எழுத்து மறந்து வந்த குழந்தைகளை மீட்க உபாத்தியாயர்கள் பட்ட பாடு அவர்களுக்கே நன்றாகத் தெரியும். பள்ளி மூடிக் கிடந்தால் என்னவாகும் என்பதைப் பற்றி அவர்களுக்கு நாம் உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

நம் நாட்டில் இந்த நஷ்டத்தை அளந்து பார்க்கும் முயற்சி போதுமான அளவு நடக்கவில்லை. அளந்து பார்த்த தேசம் அர்ஜென்டினா. அங்கே 1983-ல் ஜனநாயகம் திரும்பிய பிறகு மாகாணத்துக்கு மாகாணம் உபாத்தியாயர் வேலை நிறுத்தங்கள் ஓயாமல் நடந்தன. ஆரம்பப் பள்ளிப் பருவத்தில் அவ்விதம் பாடமிழந்த குழந்தைகள் பெரியவர்களான பின் என்ன சம்பாதிக்கிறார்கள் என்று இரண்டு பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். ஆரம்பப் பள்ளிக் காலம் முழுவதிலும் சேர்த்துச் சராசரியாக 88 நாள் இழந்தவர்களில், ஆண்களின் வருமானம் 3.2 சதவீதமும், பெண்களின் வருமானம் 1.9 சதவீதமும் குறைந்திருந்ததாம். அதே நிபுணர்கள் பெற்றோரைப் பற்றியும் ஆராய்ந்தார்கள். வேலை நிறுத்தக் காலத்தில் தாய்மாரின் வேலையும் கூலியும் குறைந்தன. தகப்பன்மாருக்குச் சராசரியில் அப்படி ஒன்றும் குறையவில்லை. நமது வேலை நிறுத்தங்கள் அவ்வளவு நீண்டவையல்ல; ஆகையால் அந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்திப் பார்ப்பது சரியாகாது. நஷ்டம் எந்தத் திசையில் செல்கிறது என்பது மட்டும் தெளிவு.

2019-ல் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். ஜனவரி 22ந் தேதி தொடங்கிய வேலை நிறுத்தம் 30ந் தேதி வாபஸாயிற்று. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுப் பரீட்சை மார்ச்சு முதல் தேதி. செய்முறைப் பரீட்சைகள் அதற்கும் முன்னால். சர்க்கார் என்ன செய்தது? மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக உபாத்தியாயர்களை அமர்த்தப் போவதாக அறிவித்தது. வேலையில்லாத பட்டதாரிகளைக் கொண்டு வேலையிலிருக்கும் உபாத்தியாயர்களை மடக்குவது என்ற இந்த யுக்தியை ராஜதந்திரம் என்று சிலர் மெச்சினார்கள். நமக்கு அது அவமானமாகவே தோன்றிற்று. ஒரு குழந்தைக்கு எழுத்தறிவிப்பவருக்குப் பத்தாயிரம் போதுமென்று சர்க்காரே விளம்பரம் செய்தால், அந்தத் தொழிலுக்கு நாட்டில் என்ன மதிப்பு மிஞ்சும்? கடைசியில் கேட்டது ஒன்றும் கிடைக்காமலே உபாத்தியாயர்கள் பள்ளிக்குத் திரும்பினார்கள். குழந்தைகள் ஒரு வாரம் இழந்ததுதான் மிச்சம்.

அதற்கு முந்திய 2003-ம் வருஷக் கதை இன்னும் கொடியது. ஜூலை மாதம் உபாத்தியாயர்களும் மற்றச் சர்க்கார் ஊழியர்களும் வேலை நிறுத்தம் செய்தபோது, சுமார் 1,70,000 பேர் ஒரேயடியாக வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஆகஸ்டு 6ந் தேதி ஸுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பில், சர்க்கார் ஊழியர்களுக்கு வேலை நிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மிக உரிமையோ கிடையாது என்று கூறிவிட்டது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். அத்துடன் விவகாரம் தீர்ந்ததா? தீரவில்லை. அந்த வருஷம் பறிபோன பென்ஷனுக்காகவே பதினாறு வருஷம் கழித்து மறுபடியும் பள்ளிகள் மூடப்பட்டன. அடக்குமுறையால் வேலை நிறுத்தத்தை அடக்கலாம்; குறையை அடக்க முடியாது. உரிமை இல்லை என்று கோர்ட்டு சொல்லிவிட்டதே என்று மகிழும் உத்தியோகஸ்தர்களை நாம் ஒன்று கேட்கிறோம். வேலை நிறுத்தம் என்ற வாசல் அடைக்கப்பட்டதென்றால், நியாயம் கேட்க அவர்களுக்குத் திறந்திருக்கும் வாசல் எது?

உபாத்தியாயர்கள் அறியாமலே தங்களுக்குச் செய்துகொள்ளும் தீங்கு ஒன்றும் உண்டு. ஒவ்வொரு வேலை நிறுத்தத்தின்போதும், கையில் கொஞ்சம் காசு புரளும் தகப்பன், ‘எதற்கு இந்தத் தொல்லை, கடன்பட்டாவது பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிடுவோம்’ என்று எண்ணுகிறான். அடுத்த ஜூனில் அப்படியே செய்கிறான். ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்டு 1ந் தேதி உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு பள்ளிக்கு எத்தனை உபாத்தியாயர் என்று நிர்ணயம் செய்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் ‘உபரி’ ஆகி வேறு ஊருக்குப் போகிறார். ஓய்வு பெற்றவர் இடம் நிரப்பப்படாமல் மறைகிறது. மிஞ்சுவது கடன்படவும் வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளும், அவர்களுக்குக் குறைந்த எண்ணிக்கை உபாத்தியாயர்களும்.

சர்க்கார் பள்ளிகளை விட்டு வெளியேறுங்கள் என்று 1920-ல் காந்தியடிகளே சொல்லவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். சொன்னார். ஆனால் வெளியே வந்த மாணவர்களைத் தெருவில் விடவில்லை. அதே வருஷம் குஜராத் வித்யாபீடம் ஏற்பட்டது; தேசத்தின் பல பாகங்களில் தேசியப் பாடசாலைகள் தோன்றின. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1918-ல், ஆமதாபாத் பஞ்சாலைத் தொழிலாளரின் வேலை நிறுத்தத்தை அவரே தலைமை தாங்கி நடத்தினார். தொழிலாளர் கேட்டது 35 சதவீத உயர்வு. முதலாளிகள் கொடுப்பதாகச் சொன்னது 20. ஆரம்பம் முதல் காந்தியடிகள் வற்புறுத்தியது மத்தியஸ்தத்தை. கடைசியில் ஆனந்தசங்கர துருவர் மத்தியஸ்தராக அமர்ந்து 35 சதவீதமே நியாயம் என்று தீர்ப்பளித்தார். அந்த மத்தியஸ்தர் கல்லூரி உபாத்தியாயர் என்பதை நமது உபாத்தியாய நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

நூறு வருஷங்களுக்கு முன் ஆலை முதலாளிகள் ஏற்றுக்கொண்டதை, ஜனங்கள் தேர்ந்தெடுத்த சர்க்கார் ஏற்றுக்கொள்ள மறுப்பானேன்? உபாத்தியாயர் சம்பளம், பென்ஷன், நியமனம் சம்பந்தமான வழக்குகளைக் கேட்பதற்கு நிரந்தரமான மத்தியஸ்த சபை ஒன்று ஏற்பட வேண்டும். குறித்த நாளுக்குள் அது தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்பை நிறைவேற்றச் சர்க்கார் கடமைப்பட்டிருக்க வேண்டும். நிறைவேற்றப் பணமில்லையென்றால், எந்தச் செலவுக்குப் பணம் இருந்தது, இதற்கு ஏன் இல்லை என்று சட்டசபையில் எழுந்து சொல்ல வேண்டும். வேலை நிறுத்த நாட்களில் பிடிக்கப்படும் சம்பளம் பொதுக் கஜானாவில் சேர்வதை நிறுத்தி, பாடமிழந்த அந்தந்தப் பள்ளிக் குழந்தைகளின் செலவுக்கே கொடுத்துவிட வேண்டும் என்பதும் நமது கோரிக்கை. மிச்சம் பிடிக்கலாம் என்ற ஆசை போனால் மந்திரிகளுக்குச் சமாதானத்தில் கொஞ்சம் அவசரம் பிறக்கும்.

உபாத்தியாயர் சங்கங்கள் தங்கள் பங்குக்கு ஒன்று செய்ய வேண்டும். வேலை நிறுத்தம் தவிர்க்க முடியாததென்று முடிவு செய்யும் காலத்திலும், ஐந்தாம் வகுப்பு வரையிலான குழந்தைகளின் வகுப்பையும், காலை மதிய உணவையும், பொதுப் பரீட்சை எழுதும் வகுப்புகளையும் அதிலிருந்து விலக்கிவிட வேண்டும். ஊர்வலம், தர்ணா, சர்க்காருக்கு அனுப்பும் கணக்குகளையும் புள்ளி விவரங்களையும் எழுத மறுப்பது என்று சர்க்கார் மேலேயே நேராகப் பாயும் வழிகள் எத்தனையோ இருக்கின்றன. உபாத்தியாயர்கள் பாடம் நடத்தாமல் பதிவேடு நிரப்பிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்பது அவர்களுடைய நீண்ட காலப் புகார். பதிவேட்டை மூடிவிட்டுப் பாடத்தை நடத்தினால், தலைமைக் காரியாலயம் ஒரு வாரத்தில் திணறிப் போகும். குழந்தைக்கு ஒரு குறையும் வராது.

பெற்றோர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. கட்டாயக் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். சுவருக்கு வெள்ளையடிப்பதைப் பற்றியும் கழிப்பறைக் கதவைப் பற்றியும் பேசுவதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. வேலை நிறுத்த நோட்டீஸின் நகல் மந்திரிக்குப் போகும் அன்றே இந்தக் குழுவுக்கும் வர வேண்டும். குழு கூடி, உபாத்தியாயரையும் கல்வி அதிகாரியையும் அழைத்து, இன்ன குறை, இன்ன பதில் என்று கேட்டு, தன் அபிப்பிராயத்தை எழுதி ஜில்லா அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். மத்தியஸ்த சபைக்கு மசோதா கொண்டுவரும்போது, அதில் சர்க்கார் பிரதிநிதிகளுக்கும் சங்கப் பிரதிநிதிகளுக்கும் சமமாக இந்தக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தாய்மாருக்கும் ஸ்தானம் வைக்க வேண்டும். அடுத்த நோட்டீஸ் வருவதற்கு முன்பே சட்டசபை அதை நிறைவேற்றிவிட வேண்டும்.